எறிந்த பிறகு யார் பொறுப்பு?

ஒரு பொருள் நம் கையை விட்டுப் போய்விட்டால், அதைப் பற்றிய கேள்வியும் நம்மை விட்டுப் போய்விடுமா? விற்ற பொருளைப் பற்றிக் கேட்டால் ஃபிக்ஹு கிதாபுகள் விரிவாகவே பதில் சொல்லுகின்றன. குறையை மறைத்து விற்றவனுக்கு என்ன சட்டம், வாங்கியவன் எப்போது திருப்பித் தரலாம் என்றெல்லாம் மதரஸாவில் பக்கம் பக்கமாக ஓதியிருக்கிறோம். ஆனால் குப்பைத் தொட்டியில் போட்ட பொருளுக்கு? இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவள் என் மூத்த லாத்தாவின் மகள். நானும் ஒரு பதில் சொன்னேன். அது தவறாகிப் போனது. தவறைச் சொல்லாமல் திருத்தத்தை மட்டும் சொல்வது நேர்மையாகாது என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அவள் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காரியம்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுப் பரங்கிப்பேட்டையில் லாத்தா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அன்று அவளுக்கு இரவு டியூட்டி. சோறு வைத்துக்கொண்டே கேட்டாள்:

"மாமா, எங்க வார்டுல ஒரு நாளைக்கு எவ்வளவு அட்டைப் பெட்டி, எவ்வளவு குளுக்கோஸ் பாட்டில் சேருது தெரியுமா? எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி வண்டியில ஏத்திடறாங்க. பார்க்கவே மனசு கேக்கல. நாங்க அஞ்சாறு பேர் சேர்ந்து பிரிச்சு வச்சு, காயலான் கடைக்குப் போடலாம்னு இருக்கோம். பாட்டில்ல சில சமயம் ரத்தம் பட்டிருக்கும். அதை விக்கிறது கூடுமா?"

"கூடுமா" என்று ஒருவர் கேட்டுவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு உற்சாகம் பிறந்துவிடும். வீண் விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்று குர்ஆன் எச்சரிப்பதை நினைவூட்டினேன். ஓடுகிற ஆற்றங்கரையில் ஒளு செய்தாலும் தண்ணீரை அளவோடு செலவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஅது (ரலி) அவர்களுக்குக் கற்பித்ததைச் சொன்னேன். (இப்னு மாஜாவில் வரும் அந்த ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு, ஆனாலும் அதன் கருத்தை எல்லா மத்ஹபுகளும் ஏற்றிருக்கின்றன.) பிறகு அன்னை மைமூனா (ரலி) அவர்கள் விடுதலை செய்த பெண்ணொருத்திக்குத் தருமமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்த சம்பவத்தையும் சொன்னேன். அவ்வழியே சென்ற நபியவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தாமல் விட்டது ஏன் என்று கேட்டார்கள். செத்த ஆடாயிற்றே என்று தோழர்கள் தயங்க, உண்பதுதான் விலக்கப்பட்டது என்று விளக்கினார்கள். செத்த ஆட்டின் தோலையே வீணாக்க மனமில்லாத மார்க்கம், நல்ல பாட்டிலை வீணாக்கச் சொல்லுமா?

இரத்தம் நஜீஸ், பாட்டில் நஜீஸல்ல, நஜீஸ் பட்ட பொருள்தான். நிறம், மணம், சுவை போகும்படி கழுவிவிட்டால் சுத்தம். சுத்தமான பொருளை விற்கலாம். "கழுவிப் போடுங்கள், தாராளமாகக் கூடும்" என்றேன். எனக்கு வைத்த மீன் குழம்பு ஆறுவதற்குள் ஃபத்வா முடிந்துவிட்டது.

அவர்கள் மிகுந்த ஆர்வத்துடன் தொடங்கினார்கள். மேலிடத்து உத்தரவு ஏதுமில்லை. வார்டு ஊழியர்கள் தாங்களாகவே செய்த ஏற்பாடு. பெரிய அட்டைப் பெட்டிகள் மூன்றை வைத்து, ஒன்றில் காகிதம், ஒன்றில் அட்டை, ஒன்றில் பாட்டில் என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதினார்கள். யார் எந்த வாரம் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். வந்த காசைப் போட ஒரு பிஸ்கட் டின். வார்டின் மூலையில் குவிந்து கிடந்தவையெல்லாம் போய் இடம் பளிச்சென்று ஆனதாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. கழுவுவது யார்? முப்பது நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸுக்குப் பாட்டில் கழுவ நேரம் ஏது? அந்த வேலை மெல்ல மெல்லத் துப்புரவு வேலை செய்யும் ஓர் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் அவரிடம் கேட்கவுமில்லை. டின்னில் சேரும் காசில் ஒரு பங்கு தருவதாக மட்டும் சொல்லியிருந்தார்கள்.

குளுக்கோஸ் பாட்டில் தொங்கும்போது மருந்து தடையின்றி இறங்குவதற்காக, காற்றுப் போக மேல்பக்கத்தில் ஓர் ஊசியைக் குத்தி வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மருந்து தீர்ந்ததும் டியூபைக் கழற்றுவார்கள். அவசரத்தில் அந்த ஊசி மறந்துபோகும். சோப்பு நுரை நிறைந்த வாளிக்குள் பத்துப் பன்னிரண்டு பாட்டில்கள் மிதக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரிந்தது.

எந்தப் பாட்டில் எந்தக் கட்டிலிலிருந்து வந்தது, அந்த ஊசி அதற்கு முன் யாருக்குப் போடப்பட்டது, எதுவும் தெரியவில்லை. எல்லாம் கலந்துவிட்டிருந்தது. டாக்டர் இரத்தம் எடுத்துப் பரிசோதித்தார். இன்று ஒன்றுமில்லை என்று வந்தால் போதாது. ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார். மஞ்சள் காமாலைக் கிருமிக்கு எதிரான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதுண்டா என்று கேட்டதற்கு அந்த அம்மா இல்லை என்றார். நிரந்தர ஊழியர்களுக்குப் போட்டபோது ஒப்பந்த ஊழியர்களை விட்டுவிட்டார்களாம்.

செய்தி கேட்டு நானும் லாத்தாவின் கணவரும் போய்ப் பார்த்தோம். விரலைக் காட்டினார். ஒரு புள்ளிகூட இல்லை, மறுநாளே மூடிக்கொண்டுவிட்டது. என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கதானா பாய், கழுவிட்டா சுத்தம்னு சொன்னது?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதெல்லாம் நான் சொன்ன மஸ்அலாவில் எங்கே பிழை என்று தேடினேன். கிதாபின்படி ஒரு பிழையும் இல்லை. இன்றும் அதே மஸ்அலாதான். நிறமும் மணமும் சுவையும் போன பாட்டில் சுத்தமானதுதான். அதில் தண்ணீர் பிடித்து ஒளு செய்தால் ஒளு நிறைவேறும். ஆனால் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தக் கறையில்கூட, ஏழு நாள் உயிரோடிருக்கும் என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். தடுப்பூசி போடாதவருக்கு அந்நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், நூற்றில் முப்பது பேர் வரை தொற்றும். எய்ட்ஸ் கிருமி ஆயிரத்தில் மூவருக்கு. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தொழுகைக்குரிய சுத்தம் ஒன்று, நோயிலிருந்து காக்கும் சுத்தம் மற்றொன்று. அவள் முதலாவதைக் கேட்டாள் என்று எண்ணிக்கொண்டு பதில் சொன்னேன். அவள் கையில் இருந்ததோ இரண்டாவது.

மன்திக் பாடம் ஓதும்போது உஸ்தாதுமார்கள் தொடக்கத்திலேயே ஒரு விதியைச் சொல்லித்தருவார்கள். ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் அந்தப் பொருள் மனத்தில் சரியாக உருவாகியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நானோ மருத்துவமனைப் பாட்டில் என்றதும் வீட்டில் நல்லெண்ணெய் தீர்ந்த பாட்டிலை மனத்தில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அதில் ஊசி இருக்குமென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு விசாரித்திருக்கலாம், விசாரிக்கவில்லை. ஆலிமுக்கு இது மன்னிக்கக்கூடிய மறதியா, கணக்குக் கேட்கப்படும் அலட்சியமா? நான் இரண்டாவதாகவே கருதுகிறேன்.

விசாரித்த பிறகு தெரிந்துகொண்டவை பல. மருத்துவக் கழிவுகளைப் பற்றி நம் நாட்டில் 1998ஆம் ஆண்டிலேயே விதிகள் வந்துவிட்டன; 2016இல் அவற்றை மாற்றிப் புதிய விதிகள் கொண்டுவந்தார்கள். அதன்படி மஞ்சள் பையில் இரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, உடற்பகுதிகள், காலாவதியான மருந்துகள். இவை எரிக்கப்பட வேண்டியவை. சிவப்புப் பையில் டியூப், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு, குளுக்கோஸ் பாட்டில். குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளைப் பெட்டியில் ஊசி, பிளேடு. நீலத்தில் கண்ணாடி மருந்துக் குப்பிகள். கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் வேலை செய்யும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்பதும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. ஆகவே நான் "கழுவி விற்கலாம்" என்று சொன்ன பாட்டில் காயலான் கடைக்குப் போகவே கூடாத பொருள்.

அப்படியானால் சிவப்புப் பை வீணாகப் போகிறதா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் மைமூனா (ரலி) அவர்களின் ஆட்டுச் சம்பவம் எனக்கு இரண்டாம் முறை பாடம் சொன்னது. முதல் முறை நான் அதிலுள்ள "பயன்படுத்து" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். "பதனிட்டு" என்பதை விட்டுவிட்டேன். ஷாஃபிஈ மத்ஹபில் தோலை வெயிலில் காயப்போட்டால் அது பதனிட்டதாகாது. மண்ணைத் தேய்த்தாலும் ஆகாது. மாதுளைத் தோல், கருவேலங்காய் போன்ற துவர்ப்புப் பொருளைக் கொண்டு உள்ளே இருக்கும் ஈரத்தையும் அழுகலையும் வேரோடு எடுக்க வேண்டும். (ஹனஃபி இமாம்கள் வெயிலையும் ஏற்பார்கள், அது வேறு விவாதம்.) குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவுவது வெயிலில் காயப்போடுவதைப் போன்றதுதான். சிவப்புப் பைக்குரிய பதனிடுதல் என்பது அழுத்த நீராவி. 121 டிகிரிக்குக் குறையாத சூட்டில், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து, பிறகு மீண்டும் யாரும் பாட்டிலாகவோ சிரிஞ்சாகவோ பயன்படுத்த முடியாதபடி இயந்திரத்தில் துண்டு துண்டாக நறுக்கி, அதற்குப் பிறகே பிளாஸ்டிக் உருக்கும் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். இதை வார்டு செய்ய முடியாது. அதற்கென்று உரிமம் பெற்ற நிலையங்கள் செய்கின்றன. வார்டு செய்ய வேண்டியது, பையில் கலப்படமில்லாமல் கொடுப்பது.

நறுக்குவது எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குஜராத் மாநிலம் மொடாசாவில் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். பயன்படுத்திய சிரிஞ்சுகளையே மீண்டும் பயன்படுத்தியது காரணமென்று தெரிந்தது. விசாரிக்கப் போனவர்கள், பழைய சாமான் கிடங்குகளில் மருத்துவமனைச் சிரிஞ்சுகள் குவிந்து கிடந்ததையும் கண்டார்கள். எங்கோ ஒரு வார்டில் எவரோ தொட்டியில் போட்டு மறந்தது, கழுவிப் புதிதாக உறையிட்டால் இன்னொருவர் கைக்குள் ஏறிவிடும். 2000ஆம் ஆண்டில் மட்டும், சுத்தமில்லாத ஊசிகளால் உலகில் 2 கோடியே 10 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

இந்த இதழைப் படிக்கும் குடும்பங்களில் பழைய இரும்பு, பழைய பேப்பர் வியாபாரம் செய்பவர்கள் நிறையப் பேர் உண்டு. காயலான் கடை என்ற பெயரே காயல் ஊர்க்காரர்களால் வந்தது என்பார்கள். கௌரவமான தொழில் அது. பிறர் வேண்டாமென்று விட்டதற்கு மதிப்பு உண்டாக்குகிற தொழில். ஆனால் 2010இல் டெல்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் நடந்ததை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து ஏலத்தில் விட்ட ஒரு பழைய இயந்திரத்துக்குள் கோபால்ட் என்னும் கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. அதைப் பிரித்துப் போட்ட இடத்தில் பலர் நோயுற்று, ஒரு தொழிலாளி இறந்தார். ஏலம் விட்டவர்கள் படித்தவர்கள். இறந்தவர் பழைய இரும்பைப் பிரித்துப் பிழைத்தவர். மருத்துவமனைப் பாட்டில் மலிவாக வந்தால், எடை போடுமுன் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பது கடைக்காரருக்கும் கடமை.

இதையெல்லாம் கேட்டபின் லாத்தாவின் மகள் சோர்ந்துபோனாள். "அப்ப எதையுமே பிரிக்க வேணாம். எல்லாத்தையும் மஞ்சப் பையில போட்டு எரிக்கட்டும். பழியும் வராது, பாவமும் வராது" என்றாள். நல்ல மனமுள்ளவர்கள் ஒரு முறை அடிபட்டதும் சொல்லும் பேச்சு இது. ஆனால் எரித்தால் பொருள் இல்லாமல் போய்விடுகிறதா? டியூப், கையுறை போன்றவற்றில் குளோரின் கலந்த பிளாஸ்டிக் உண்டு. அதை எரித்தால் டயாக்ஸின் என்னும் நஞ்சு எழுகிறது. அதனால்தான் விதிகள் சிவப்புப் பையை எரிக்கக் கூடாது என்கின்றன. கடலூர் சிப்காட் பக்கம் குடியிருந்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள், புகைபோக்கியின் வாய் வழியாகப் போனது எங்கே வந்து சேரும் என்று. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் நம் மாவட்டத்து வீடுகளில் தண்ணீர் புகுந்தபோது, ஆண்டுக்கணக்கில் வாய்க்காலில் எறிந்ததெல்லாம் மிதந்து வாசலுக்கே திரும்பி வந்ததைக் கண்டோமல்லவா? எறிதல் என்று நாம் சொல்வது, நம் பார்வையிலிருந்து இன்னொருவர் பார்வைக்கு நகர்த்துவதுதான்.

மேலும், மருத்துவமனைக் கழிவில் நூற்றுக்கு 85 பங்கு நோய்க்கும் கிருமிக்கும் தொடர்பில்லாத சாதாரணக் குப்பை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. அட்டைப் பெட்டி, மருந்துறைக் காகிதம், தண்ணீர் பாட்டில், செய்தித்தாள் இவைதாம். இவற்றை ஓர் இரத்தப் பஞ்சு வந்து தொடாதவரை எவருக்கும் தீங்கில்லை; தொட்டுவிட்டால் நூறும் ஆபத்தாகிவிடும். சிக்கனத்துக்கும் பாதுகாப்புக்கும் பகையில்லை என்பதற்கு நமக்கு அண்டையிலேயே சான்று இருக்கிறது. மதுரையில் 1976இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இப்போது புதுச்சேரியிலும் இருக்கிறது; நம்மூர்க்காரர்கள் எத்தனையோ பேர் கண்புரைக்கு அங்கே போய் வந்திருக்கிறார்கள். அங்கே ஒரு கண்புரை அறுவைக்குச் சேரும் கழிவு ஏறக்குறைய 250 கிராம்தான் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு சொல்லிற்று. வெளியாகும் கரிக்காற்றின் அளவு, அதே அறுவைக்கு இங்கிலாந்தில் ஆவதில் இருபதில் ஒரு பங்கு, குணமாவதில் குறைவில்லை. ஒரு முறை பயன்படுத்தி எறிவதைக் குறைத்து, கருவிகளை முறைப்படி நீராவியில் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துவதே காரணம். அந்தச் சுத்திகரிப்பைச் செய்வது அதற்கென்று பயிற்சி பெற்ற பிரிவு. குழாயடியில் யாரோ ஒருவரிடம் வாளியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

ஆக, கேள்வி "பிரிக்கலாமா" என்பதல்ல. யார் கையால், எந்த நேரத்தில் என்பதே கேள்வி. ஊசியைப் போட்டவருக்கு அந்த ஊசி எங்கே இருக்கிறதென்று தெரியும். அடுத்த நிமிடம் முதல் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் கையிலேயே அது வெள்ளைப் பெட்டிக்குப் போய்விட வேண்டும். அறிந்தவரின் கையை விட்டு அறியாதவரின் கைக்கு ஆபத்தோடு ஒரு பொருள் மாறுவதற்குத்தான் மார்க்கம் ஏமாற்று என்று பெயரிட்டிருக்கிறது. விற்பனையில் குறையை மறைப்பது ஹராமாவது இதனால்தானே? குப்பைத் தொட்டிக்கும் அதே நியாயம் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. விலை வாங்கவில்லை என்பதால் மறைப்பு மறைப்பாகாமல் போகுமா?

"அது அவங்க வேலைதானே, சம்பளம் வாங்கறாங்கதானே" என்று வார்டில் ஒருவர் சொன்னாராம். கூலிச் சட்டம் ஓதியவர்களுக்குத் தெரியும்: ஒரு வேலைக்குப் பேசி அமர்த்தியவரிடம் பேசாத இன்னொரு வேலையை, அதுவும் ஆபத்தான வேலையை, சுமத்த அமர்த்தியவருக்கே உரிமையில்லை. நர்ஸுகளோ அவரை அமர்த்தியவர்கள்கூட இல்லை. நன்மையை ஈட்டுவதைவிடத் தீங்கைத் தடுப்பது முந்தியது என்பது நம் சட்ட அறிஞர்கள் ஒருமித்துச் சொன்ன விதி. அதிலும் நன்மை எனக்கு, தீங்கு இன்னொருவருக்கு என்றால்? வீண் விரயத்தைத் தடுத்த நன்மையை நாங்கள் எங்கள் கணக்கில் எழுதிக்கொண்டோம். அதன் செலவு அந்த அம்மாவின் விரலில் விழுந்தது.

அந்த பிஸ்கட் டின்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிலிருந்த காசில் தேநீரும் வடையும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். "தூக்கிப் போட்ட சாமான்தானே மாமா, அதுக்கு யாரு சொந்தக்காரர்?" என்றாள். சொந்தக்காரன் வேண்டாமென்று விட்டதை எவரும் எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் வேண்டாமென்று விடும் உரிமை சொந்தக்காரனுக்கு மட்டுமே உண்டு. நர்ஸு அங்கே சொந்தக்காரியல்ல, பொறுப்பாளி. பொறுப்பாளி தன் கையிலுள்ள அமானிதத்தைக் குப்பை என்று தானே அறிவித்துவிட்டுத் தானே எடுத்துக்கொள்ள முடியுமா? அட்டைப் பெட்டியாயிற்றே, அற்பமாயிற்றே என்பவர்கள் கைபரிலிருந்து திரும்பும் வழியில் நடந்ததை நினைக்கட்டும். எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு ஒரு பணியாள் இறந்தார். தியாகியாகிவிட்டார் என்று மக்கள் மகிழ்ந்தார்கள். பங்கிடப்படாத பொதுப் பொருளிலிருந்து அவர் எடுத்த ஒரு போர்வை அவர்மீது நெருப்பாக எரிகிறது என்று நபியவர்கள் அறிவித்தார்கள். அதைக் கேட்ட ஒருவர் ஓடிப்போய் ஒரு செருப்பு வாரையோ இரண்டையோ கொண்டுவந்து வைத்தார். அதுவும் நெருப்புத்தான் என்றார்கள். செருப்பு வாருக்கும் அட்டைப் பெட்டிக்கும் என்ன விலை வித்தியாசம் இருந்துவிடப் போகிறது?

அவர்கள் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி கேட்டார்கள். அனுமதியும் கிடைத்தது; வரவு எழுத ஒரு நோட்டும் வந்தது. சேரும் காசில் துப்புரவுப் பணியாளர்களுக்குக் கனத்த கையுறை வாங்கலாமென்று லாத்தாவின் மகள் யோசனை சொன்னபோது நான் தடுத்தேன். கையுறையும் தடுப்பூசியும் நிர்வாகம் கொடுக்க வேண்டிய கடன். அந்தக் கடனைப் பழைய பேப்பர்க் காசால் அடைத்தால், நாம் தருமம் செய்வதாக நினைத்துக்கொண்டு கடன்காரருக்குத்தான் உதவி செய்கிறோம். கையுறையை நிர்வாகத்திடமே கேளுங்கள் என்றேன். பல முறை கேட்ட பிறகு வந்தது. அட்டைக் காசு இப்போது ஊருக்குத் திரும்பப் பஸ்ஸுக்குக் காசில்லாத நோயாளிகளுக்குப் போகிறது. மாதம் முழுவதும் சேர்ந்தால்கூட நாலைந்து பேருக்குத்தான் காணும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக் குப்பைக்கூடையும் நினைவுக்கு வருகிறது. நம் வீடுகளில் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடாதவர்கள் குறைவு. போட்ட ஊசியை மூடியை மாட்டி, மீன் செதிலோடும் வெங்காயத் தோலோடும் பையில் கட்டி வாசலில் வைக்கிறோம். காலையில் அந்தப் பையை வெறுங்கையால் பிரிப்பவர் யார்? மருத்துவமனையை மட்டும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் தாயார் பல ஆண்டுகளாக இன்சுலின் போடுகிறார்கள். ஊசி எங்கே போகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கனமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் போட்டு, நிறைந்ததும் மூடியை இறுக்கி, பழக்கமான ஆஸ்பத்திரியில் வெள்ளைப் பெட்டி இருக்கும் இடத்தில் கொடுக்கிறோம். முதலில் வாங்கத் தயங்கினார்கள், பிறகு வாங்கிக்கொண்டார்கள்.

அந்த அம்மாவுக்கு ஆறு மாதப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. அல்ஹம்துலில்லாஹ். ஒன்றுமில்லாமல் போனதால் நான் சொன்ன பதில் சரியாகிவிட்டதென்று நான் நினைக்கவில்லை. அந்த ஆறு மாதமும் அவர் தம் பேரப்பிள்ளைக்குத் தம் கையால் ஊட்டவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சோறு ஊட்டினால் அந்த நோய் தொற்றாது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் போய்ப் பார்த்தேனே, நானும் சொல்லவில்லை.

மூன்று தடுப்பூசியும் போட்டுக்கொண்டார். வார்டில் இப்போது ஊசியைப் போட்டவரே கட்டிலருகில் வெட்டிப் பெட்டியில் போடுகிறார்; சிவப்புப் பையை நர்ஸுகள்தாம் கட்டி வாயில் முத்திரையிடுகிறார்கள். பாட்டில் வாளி போய்விட்டது. அட்டைப் பெட்டிகளை மட்டும் அந்த அம்மா இன்றும் தாமே மடித்துக் கட்டுகிறார். வேண்டாம், நாங்களே கட்டுகிறோம் என்றால், "உங்களுக்கு முடிச்சுப் போடத் தெரியாது, வண்டியில அவுந்துடும்" என்கிறாராம்.